குறை இல்லாத தளம் நிறைவான தளமா? இணையதள வடிவமைப்பின் இருவகைக் காரணிகள்

1999ஆம் ஆண்டு நவம்பர் மாதம், லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பூ டாட் காம் என்ற ஆடை விற்பனைத் தளம் பல நாடுகளில் ஒரே நேரத்தில் திறக்கப்பட்டது. அன்றைய இணையக் கடைகளில் பெரும்பாலும் ஒரு சிறிய படமும் இரண்டு வரி விவரமும்தான் கிடைக்கும். இந்தத் தளத்திலோ உடையைச் சுழற்றிப் பார்க்கலாம், பெரிதாக்கிப் பார்க்கலாம், திரையில் நிற்கும் பொம்மைக்கு அணிவித்தும் பார்க்கலாம். மிஸ் பூ என்ற பெயரில் ஓர் அசையும் பெண் உருவம் கூடவே வந்து ஆலோசனை சொல்லும். பார்த்தவர்கள் வியந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2000 மே மாதத்திலேயே நிறுவனம் மூடப்பட்டது. அதற்குள் கரைந்த முதலீடு சுமார் 13.5 கோடி டாலர்.

வரைமுறையற்ற செலவே அந்த வீழ்ச்சிக்குப் பெரும் காரணம் என்பது உண்மை. வடிவமைப்பின் மீது மட்டும் பழி போட முடியாது. ஆயினும் வாங்க வந்தவர் கண்ட தளம் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அக்காலத்தில் வீடுகளில் இருந்தது பெரும்பாலும் தொலைபேசிக் கம்பியில் இணையும் மோடம். அதன் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட், அதாவது ஏறக்குறைய 7 கிலோபைட். அந்த வேகத்தில் 300 கிலோபைட் எடையுள்ள ஒரு பக்கம் முழுமையாக வந்து சேர முக்கால் நிமிடத்துக்கு நெருக்கமாக ஆகும். அதுவும் இணைப்பு தடையின்றிக் கிடைத்தால். அசையும் உருவங்களும் சுழலும் படங்களும் நிறைந்த ஒரு கடைக்கு அந்தக் கம்பி போதவில்லை. மேக் கணினி வைத்திருந்தவர்களுக்குத் தொடக்கத்தில் கடைக்குள் நுழையவே வழியில்லை. வியப்பூட்டும் அம்சங்கள் ஒரு தளத்தில் எத்தனை இருந்தாலும், பக்கம் திறக்காத எரிச்சலை அவை ஈடு செய்வதில்லை. ஏன் ஈடு செய்வதில்லை என்பதைப் புரிந்துகொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஒரு தளத்தைப் பயன்படுத்துபவரின் மனநிலையை நாம் பொதுவாக ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கிறோம். ஒரு முனையில் அதிருப்தி, மறு முனையில் திருப்தி. தளத்தின் தரம் கூடக் கூட முள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகரும் என்பது நம் எண்ணம். ஐந்து நட்சத்திர மதிப்பீடு இந்த எண்ணத்தின் மீதுதான் நிற்கிறது. இந்த எண்ணம் சரியானால், ஒரு குறையை ஒரு நிறையால் அடைத்துவிடலாம்: தேடல் சரியாக வேலை செய்யாவிட்டால் முகப்பை அழகாக்கலாம், பணம் செலுத்தும் பக்கம் தடுமாறினால் சலுகைப் புள்ளிகள் தரலாம். பல நிறுவனங்கள் இதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. கணக்கு மட்டும் நேராவதில்லை.

இந்த ஒற்றை அளவுகோலை முதலில் கேள்விக்கு உள்ளாக்கியவர் இணையத்தோடு தொடர்பில்லாத ஒருவர். அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்து, வேலையில் மிகவும் மகிழ்ச்சியாக உணர்ந்த ஒரு நேரத்தையும் மிகவும் மனம் கசந்த ஒரு நேரத்தையும் விவரிக்கச் சொன்னார்கள். 1959இல் வெளியான அவர்களுடைய முடிவு பலரை வியக்க வைத்தது. மகிழ்ச்சிக் கதைகளில் வந்த காரணங்களும் கசப்புக் கதைகளில் வந்த காரணங்களும் பெரும்பாலும் வேறு வேறாக இருந்தன. சாதித்த உணர்வு, பாராட்டு, வேலையின் சுவை, பொறுப்பு ஆகியவை முதல் வகையில் மிகுதியாக வந்தன. நிர்வாக விதிகள், மேலதிகாரியின் கண்காணிப்பு முறை, சம்பளம், பணியிடச் சூழல் ஆகியவை இரண்டாம் வகையில் வந்தன. நிர்வாக விதிகள் ஒழுங்காக இருந்தன என்பதற்காக யாரும் மகிழ்ந்து கதை சொல்லவில்லை. அவை ஒழுங்கற்று இருந்தபோது கசந்து பேசினார்கள்.

இரண்டாம் வகைக்கு ஹெர்ஸ்பர்க் வைத்த பெயர் சுகாதாரக் காரணிகள். பொதுச் சுகாதாரத்திலிருந்து அந்தப் பெயர் வந்தது. குப்பை அள்ளுவதும் குடிநீரைச் சுத்திகரிப்பதும் நோய் வராமல் காக்கும். அவற்றால் ஒருவருக்கு உடல் வலிமை கூடிவிடாது. முதல் வகைக்கு ஊக்கக் காரணிகள் என்று பெயர். இந்தப் பார்வையில் அதிருப்தி நீங்கிய இடத்தில் கிடைப்பது வெறும் சமநிலை. குறை சொல்ல ஏதுமில்லாத, புகழவும் ஏதுமில்லாத நிலை. அதே போல ஊக்கக் காரணி இல்லாத இடத்தில் கோபம் எழுவதில்லை. ஈர்ப்பு இல்லை, அவ்வளவே. ஆக, இங்கே அளவுகோல்கள் இரண்டு.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிங் ஜாங், கிசெலா வான் டிரான் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த இரட்டைக் காரணிக் கருத்தை இணையதளங்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ஒரு தளத்தில் இருக்கக்கூடிய அம்சங்களைத் திரட்டி, எது இல்லாவிட்டால் பயனர் அதிருப்தி அடைகிறார், எது இருந்தால் திருப்தி அடைகிறார் என்று தரம் பிரிக்கச் செய்தார்கள். தனியுரிமையும் பாதுகாப்பும், தளத்தின் தொழில்நுட்ப இயக்கம், பக்கங்களுக்கு இடையே வழி கண்டுபிடிக்கும் வசதி, செய்தியின் நடுநிலை போன்றவை பெரும்பாலும் சுகாதாரப் பக்கம் நின்றன. பயன்படுத்தும்போது கிடைக்கும் இன்பம், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட உணர்வு, தளம் தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உணர்வு, நம்பகத்தன்மை, தோற்றம் ஆகியவை ஊக்கப் பக்கம் நின்றன. இந்தப் பிரிவினையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு நுட்பம்: தகவல் இருப்பது சுகாதாரக் காரணியாகவும், அதே தகவலை ஒழுங்குபடுத்தி அடுக்கியிருக்கும் விதம் ஊக்கக் காரணியாகவும் பிரிந்தன. பேருந்து நேரத்தைச் சொல்லும் தளத்தில் நேரம் இல்லையென்றால் கோபம் வரும். நேரம் இருப்பதற்காக நன்றி சொல்லத் தோன்றாது. ஆனால் அடுத்து வரும் 3 பேருந்துகளை மட்டும் மேலே எடுத்து வைத்திருந்தால், யாரோ நம்மை நினைத்துச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

எரிச்சல் எங்கே பிறக்கிறது?

சுகாதாரக் காரணிகளில் முதலாவது வேகம். மனிதர் ஒரு செயலைச் செய்தபின் எவ்வளவு நேரம் பொறுப்பார் என்பதற்கு மூன்று எல்லைகளைச் சொல்வது வழக்கம். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் அது உடனடியாக நடந்ததாகவே தோன்றும். 1 நொடி வரை தாமதம் கண்ணுக்குத் தெரிந்தாலும் எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறு எங்கோ போய்விடும். ஐபிஎம் ஆய்வாளர் ராபர்ட் மில்லர் 1968இலேயே கணினிகளைப் பற்றி எழுதியதை அடியொற்றி, பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1993இல் பரவலாக்கிய இந்த எல்லைகள் இன்னும் மாறவில்லை. மனித மூளையைச் சார்ந்த எண்கள் என்பதால் இணைப்பின் வேகம் கூடியதும் அவை தளர்ந்துவிடவில்லை. கூகுள் நிறுவனம் இணையதளங்களுக்கு வைத்திருக்கும் அளவீடுகளும் இவற்றை ஒட்டியே அமைகின்றன: பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும்; தொட்டதற்கு 200 மில்லிநொடிக்குள் திரையில் ஓர் அசைவு தெரிய வேண்டும்.

அந்த அளவீடுகளில் மூன்றாவது ஒன்று உண்டு: பக்கம் இடையில் தானாகக் குதிக்கக் கூடாது. அதைப் பற்றிப் புதியவர்கள் அதிகம் அறிவதில்லை. கைபேசியில் ஒரு செய்தியைப் படித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் பத்தியின் நடுவில் இருக்கும்போது, மேலே தாமதமாக வந்த ஒரு விளம்பரம் இடம் பிடித்துக்கொள்ள, படித்த வரி கீழே நழுவிப் போய்விடுகிறது. அல்லது ரத்து என்ற பட்டனைத் தொட விரல் இறங்கும் அதே நொடியில் பக்கம் குதிக்க, விரல் பட்ட இடத்தில் உறுதி செய் என்ற பட்டன் வந்து நிற்கிறது. இதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது: படத்துக்கும் விளம்பரத்துக்கும் எவ்வளவு நீள அகலம் வேண்டும் என்று பக்கத்தை எழுதியவர் முன்கூட்டியே குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருந்தால் உலாவி அந்த இடத்தைக் காலியாக ஒதுக்கி வைத்துவிட்டு எழுத்துகளை அதற்குக் கீழே வைத்திருக்கும். இரண்டு எண்களைச் சேர்ப்பதால் தீரும் குறை இது. தீர்ந்ததற்காக உலகில் எந்தப் பயனரும் பாராட்டுக் கடிதம் எழுதப் போவதில்லை. சுகாதாரக் காரணியின் இயல்பு இதில் முழுமையாகத் தெரிகிறது.

அடுத்தது படிவங்கள். தளத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவரைவிட ஒரு காரியத்தை முடிக்க வந்தவரே அதிகம் எரிச்சல் அடைவார். காரியம் என்றால் அங்கே படிவம் இருக்கும். தமிழர்கள் பலரும் அறிந்த ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளலாம். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. படிவமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்து இரண்டையும் கட்டாயமாக்கியிருக்கும். குடும்பப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலை இட்டால் குறைந்தது 2 எழுத்துகள் தேவை என்று சிவப்பில் ஒரு வரி வரும். புள்ளியைச் சேர்த்து இரண்டாக்கினால் சிறப்புக் குறிகளுக்கு அனுமதியில்லை என்று இன்னொரு வரி வரும். வேறு வழியின்றித் தந்தையின் முழுப் பெயரை எழுதினால், நாளை அடையாள அட்டையோடு ஒப்பிடும்போது பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வரும். இத்தனைக்கும் தீர்வு, பெயருக்கு ஒரே கட்டம் வைத்து, அடையாள அட்டையில் உள்ளபடி எழுதவும் என்று சொல்லிவிடுவதுதான். பெயர்கள் எல்லா ஊரிலும் இரண்டு துண்டுகளாக இருக்கும் என்று யாரோ எங்கோ எடுத்துக்கொண்ட ஊகம், பல லட்சம் பேருக்கு எரிச்சலாகப் போய் முடிகிறது.

பிழையைச் சொல்லும் விதமும் இதே வகைதான். 20 கேபிக்கு மேல் 50 கேபிக்குள் புகைப்படம் வேண்டும் என்ற நிபந்தனை பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்க, படத்தை ஏற்றி, மற்ற கட்டங்கள் அனைத்தையும் நிரப்பி, கடைசியில் சமர்ப்பித்த பிறகு தவறான உள்ளீடு என்று மட்டும் சொல்லி நிரப்பிய அனைத்தையும் அழித்துவிடும் தளங்கள் இன்றும் உண்டு. எந்தக் கட்டத்தில் தவறு, என்ன தவறு, எப்படித் திருத்துவது என்ற மூன்றையும் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே சொல்லி, சரியாக நிரப்பியவற்றை அப்படியே வைத்திருந்தால் பயனர் அரை நிமிடத்தில் திருத்திவிட்டுப் போய்விடுவார். ஓடிபி வந்து சேர்வதற்குள் அதன் காலக்கெடு முடிந்துவிடுவது, பின்னோக்கிச் சென்றால் உள்நுழைவே கலைந்துவிடுவது ஆகியவை இந்த வரிசையில் தாமே வந்து சேரும்.

பதிவு செய்யும்படி கட்டாயப்படுத்தும் இடமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர் டாட் கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டபோது, காப்பீட்டுத் திட்டங்களின் விலையைப் பார்ப்பதற்கே முதலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று அமைத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் அந்த ஒரே வாசலில் குவிந்தார்கள். அடையாளத்தைச் சரிபார்க்கும் பகுதி அந்தப் பளுவைத் தாங்கவில்லை. முதல் நாளில் காப்பீட்டில் முழுமையாகச் சேர்ந்து முடித்தவர்கள் வெறும் 6 பேர். சர்வர் கோளாறு என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குப் பின்னால் ஒரு வடிவமைப்பு முடிவு இருந்தது என்பதைக் காட்டுவதால் இந்த நிகழ்வு இன்றும் பேசப்படுகிறது.

இவை எல்லாம் கவனக்குறைவால் நேர்பவை. வேண்டுமென்றே உண்டாக்கப்படும் அதிருப்தியும் உண்டு. கேட்காத பொருளைக் கூடையில் நழுவவிடுவது, கட்டணத்தின் ஒரு பகுதியைக் கடைசிப் பக்கம் வரை மறைப்பது, சேர்வதை எளிதாக்கி விலகுவதைச் சிக்கலாக்குவது, சலுகையை மறுப்பவரை வெட்கப்பட வைக்கும் சொற்களைப் பட்டனில் எழுதுவது போன்ற உத்திகளை இருண்ட வடிவங்கள் என்கிறார்கள். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இத்தகைய 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடை செய்கின்றன. இத்தகைய பக்கங்களில் விற்பனை கூடலாம். அதனால் பயனர் திருப்தியடைந்தார் என்று பொருள் கொள்பவர்கள் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

அழகின் இடம்

தோற்றத்தை ஊக்கக் காரணி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டே லிண்ட்கார்டும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பக்கத்தை 50 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினாலே அது அழகானதா இல்லையா என்று மக்கள் தீர்மானித்துவிடுகிறார்கள் என்றும், அதிக நேரம் பார்த்தவர்களின் கருத்தோடு அந்தத் தீர்மானம் நெருக்கமாக ஒத்துப்போகிறது என்றும் கண்டார்கள். அதற்கு முன்பே, 1995இல், ஜப்பானில் பணம் எடுக்கும் இயந்திரத் திரைகளின் பல அமைப்புகளை மக்களிடம் காட்டி மசாக்கி குரோசுவும் காவோரி காஷிமுராவும் ஆராய்ந்தபோது, அழகாகத் தெரிந்த அமைப்புகளையே மக்கள் பயன்படுத்த எளிதானவை என்றும் மதிப்பிட்டார்கள். ஜப்பானியர்களின் அழகுணர்ச்சிதான் இதற்குக் காரணமாக இருக்கும், வேறு இடத்தில் இது எடுபடாது என்று எண்ணி இஸ்ரேலில் நோவம் டிராக்டின்ஸ்கி அதைத் திரும்பச் செய்தார். 1997இல் அவர் வெளியிட்ட முடிவில் அழகுக்கும் எளிமை என்ற எண்ணத்துக்கும் இடையிலான தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது.

ஆகவே அழகான தளத்துக்கு முதல் சில நிமிடங்களில் சிறு தவறுகளுக்கு மன்னிப்பு கிடைக்கும் என்று கொள்ளலாம். பெரும் தவறுக்குக் கிடைக்காது. பணம் கழிந்து சீட்டு வராதபோது பின்னணி வண்ணத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

அழகு சுகாதாரத்தின் எல்லைக்குள் புகுந்து கெடுக்கும் இடமும் உண்டு. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து வடிவமைப்பாளரின் பெரிய திரையில் நளினமாகத் தெரியும். வெயிலில் நின்று கைபேசியைப் பார்ப்பவருக்கு அங்கே எழுத்து இருப்பதே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று உலகளாவிய இணையக் கூட்டமைப்பின் அணுகல் நெறிகள் கேட்பது இதனால்தான். தமிழுக்கு இன்னொரு கவனமும் தேவை. ஆங்கில எழுத்துக்கு ஏற்ற வரி இடைவெளியை அப்படியே வைத்தால், மேல் வரியின் உகரச் சுழிகளும் கீழ் வரியின் இகரக் கொம்புகளும் மோதிக்கொள்ளும். எழுத்து சிறியதானால் புள்ளி மறைந்து க்-வும் க-வும் ஒன்றாகும். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடியும் பட்டனில் சமர்ப்பிக்கவும் என்று எழுதினால் கடைசி எழுத்துகள் விளிம்பில் அறுபட்டு நிற்பதைப் பல அரசுத் தளங்களில் காணலாம்.

நேற்றைய வியப்பு, இன்றைய கடமை

ஹெர்ஸ்பர்க்கின் இரு பெட்டிகளும் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். அவை நகர்கின்றன என்பதை விளக்கியவர் ஜப்பானின் தர மேலாண்மை அறிஞர் நொரியாக்கி கானோ. 1984இல் அவர் முன்வைத்த வகைப்பாட்டில் மூன்று முதன்மையானவை. இல்லாவிட்டால் கோபம் வரும், இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்பவை கட்டாயத் தன்மைகள். இது ஏறக்குறைய ஹெர்ஸ்பர்க்கின் சுகாதாரப் பெட்டி. கூடக் கூடத் திருப்தியும் குறையக் குறைய அதிருப்தியும் தருபவை நேர்கோட்டுத் தன்மைகள். தேடல் முடிவுகளின் பொருத்தத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். யாரும் எதிர்பார்க்காத, இருந்தால் மகிழ்வூட்டும், இல்லாவிட்டால் குறையாகத் தெரியாத ஒன்று கவர்ச்சித் தன்மை. காலப்போக்கில் கவர்ச்சித் தன்மைகள் நேர்கோட்டுத் தன்மைகளாகவும் பின்னர் கட்டாயத் தன்மைகளாகவும் இறங்கிவிடும் என்பதே இந்த வகைப்பாட்டின் உயிர்நாடி.

தமிழ் இணையத்திலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் தளத்தைத் திறந்தால் பெரும்பாலும் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரும். ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதைப் பதிவிறக்கிக் கணினியில் நிறுவினால் அந்தத் தளம் தெரியும், அடுத்த தளம் தெரியாது. டிஸ்கி, டாப், டாம் என்று, எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் குறியாக்க முறைகள் பலவாக இருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தரப்படுத்தும் முயற்சி வலுப்பெற்றது. பிறகு விண்டோஸின் புதிய பதிப்புகள் லதா என்ற ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவைத் தாமே கொண்டுவந்தன. எதையும் பதிவிறக்காமல் தமிழ் தானாகத் தெரிந்த அந்த முதல் சில ஆண்டுகளில், ஒருங்குறிக்கு மாறிய தளம் என்பதே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சிறப்பு. வாசகர்கள் வாழ்த்து அனுப்பினார்கள். இன்று எந்தத் தளத்தையாவது திறந்து, அட, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதே என்று யாராவது மகிழ்வார்களா? கட்டம் கட்டமாக வந்தால் மட்டும் உடனே மூடிவிட்டுப் போவார்கள். அம்சம் மாறவில்லை; எதிர்பார்ப்பு மாறிவிட்டது.

எதிர்பார்ப்புதான் இங்கே அளவுகோலை நகர்த்துகிறது. ஒருவர் ஒன்றை எதிர்பார்த்து வருகிறார். கிடைத்ததை அந்த எதிர்பார்ப்போடு ஒப்பிடுகிறார். அந்த இடைவெளியிலிருந்தே திருப்தியோ அதிருப்தியோ பிறக்கிறது என்று நுகர்வோர் ஆய்வாளர் ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் எழுதினார். எதிர்பார்ப்பை உருவாக்குவது நம் தளம் மட்டுமில்லை. ஒருவர் காலையில் ஒரு செயலியில் இரண்டு தொடுதலில் பணம் அனுப்பிவிட்டு, மாலையில் குடிநீர் வரி கட்ட வந்தால், அந்த இரண்டு தொடுதலைத்தான் இங்கேயும் தேடுவார். இதனால்தான் ஐந்து ஆண்டுகளாக எந்த மாற்றமும் செய்யாத ஒரு தளத்தின் மீது புகார்கள் மட்டும் ஆண்டுதோறும் கூடுகின்றன.

தளத்தின் வகையும் பெட்டியை மாற்றும். ஜாங்கும் வான் டிரானும் பின்னர் நிதி, வணிகம், பொழுதுபோக்கு, கல்வி, அரசு, மருத்துவம் ஆகிய ஆறு துறைகளின் தளங்களை ஒப்பிட்டு, சில அம்சங்கள் எல்லாத் துறைக்கும் பொதுவானவை, சில துறைக்குத் துறை வேறுபடுபவை என்று காட்டினார்கள். சற்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். வங்கித் தளத்தில் தகவல் ஒரு நிமிடம் பழையதானாலும் பொறுக்கமாட்டோம். இலக்கியக் கட்டுரைத் தொகுப்பில் ஆண்டுகள் கடந்த பக்கமும் இனிக்கும். விளையாட்டுத் தளத்தில் அசையும் படம் மகிழ்ச்சி. மருத்துவமனைத் தளத்தில் அவசரப் பிரிவின் தொலைபேசி எண்ணைத் தேடும்போது அதுவே தொந்தரவு.

இந்தக் கோட்பாட்டுக்கு எதிராகச் சொல்லப்பட்டதையும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். நல்லது நடந்தால் தம் திறமை என்றும், கெட்டது நடந்தால் சூழ்நிலையின் குற்றம் என்றும் சொல்வது மனித இயல்பு. எனவே ஹெர்ஸ்பர்க் கண்ட இரு வகைகள் அவர் கேட்ட முறையிலிருந்தே வந்திருக்கலாம் என்று விமர்சகர்கள் வாதிட்டார்கள். அந்த எச்சரிக்கை நியாயமானது. இணையதளங்களில் இதற்கு நேர்மாறானதையும் பார்க்கிறோம். வயதானவர்களும் இணையத்துக்குப் புதியவர்களும் தளம் தடுமாறும்போது எனக்குத்தான் இதெல்லாம் வராது என்று தம்மையே குறை சொல்லிக்கொண்டு, இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ பணம் கொடுத்துப் படிவத்தை நிரப்பிக்கொள்கிறார்கள். அவர்களுடைய அதிருப்தி எந்தக் கருத்துக்கணிப்பிலும் ஏறாது. தளத்தின் பதிவேட்டில் அது வெற்றிகரமான ஒரு விண்ணப்பமாகவே நிற்கும்.

கருத்துக் கேட்கும்போது சராசரி நட்சத்திரத்தை நம்பக்கூடாது என்பதும் இதிலிருந்தே வருகிறது. 5க்கு 3 என்ற சராசரி, எல்லோரும் அலட்சியமாக 3 கொடுத்ததாலும் வரும்; பாதிப்பேர் கொண்டாடி, பாதிப்பேர் கொதித்ததாலும் வரும். கானோவின் முறையில் ஒவ்வோர் அம்சத்துக்கும் இரண்டு கேள்விகள் கேட்கப்படும்: இது இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும், இது இல்லாவிட்டால் எப்படி இருக்கும். இரண்டுக்கும் ஒரே ஐந்து விடைகள்: பிடிக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும், எப்படியானாலும் சரி, பொறுத்துக்கொள்வேன், பிடிக்காது. இருந்தால் பிடிக்கும், இல்லாவிட்டால் எப்படியானாலும் சரி என்றால் அது கவர்ச்சித் தன்மை. இருந்தால் அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது என்றால் கட்டாயத் தன்மை. இரண்டுக்கும் எப்படியானாலும் சரி என்றால் அந்த அம்சத்துக்குச் செலவிடும் பணம் வீண். இருந்தால் பிடிக்காது, இல்லாவிட்டால் பிடிக்கும் என்ற விடையும் வரும். தானாக ஓடத் தொடங்கும் காணொளியைப் பற்றியும், திறந்ததும் குதித்து வந்து உதவட்டுமா என்று கேட்கும் அரட்டைப் பெட்டியைப் பற்றியும் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

கேட்கும்போது முதல்முறை வருபவர்களையும் அன்றாடம் வருபவர்களையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. ஒவ்வொரு கட்டத்துக்கும் விளக்கம் சொல்லி, ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி என்று கைப்பிடித்து அழைத்துச் செல்லும் படிவம், ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழ் கேட்டு வருபவருக்குப் பெரும் ஆறுதல். ஒரே நாளில் அதே படிவத்தைப் பலருக்காக நிரப்பும் இ-சேவை மைய ஊழியருக்கு அதுவே ஒவ்வொரு பக்கத்திலும் வந்து நிற்கும் முட்டுக்கட்டை. இருவருக்கும் ஒரே திரையைக் கொடுத்துவிட்டு இருவரின் விடைகளையும் கூட்டி வகுப்பதைக் காட்டிலும், எல்லாக் கேள்விகளையும் ஒரே பக்கத்தில் காட்டும் ஒரு குறுக்குவழியை இரண்டாமவருக்கு வைத்துக் கொடுப்பது செலவு குறைந்த வேலை.